மேல் பர்த்துப் பிள்ளைகளுடன் மும்பைக்கு

முதல் நாள், ரயிலில்

காலையில் திருநெல்வேலியில் மும்பை ரயிலைப் பிடித்தோம். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் மகன், எட்டாம் வகுப்பு முடித்த மகள், நான். மாட்டுங்காவில் இருக்கும் அக்கா வீட்டுக்கு ஒரு வாரப் பயணம். விடுப்புக் கிடைக்காததால் பிள்ளைகளின் அப்பா வழியனுப்ப மட்டும் வந்திருந்தார். வண்டி நகர்ந்தபோது கையசைத்தார். பதிலுக்குக் கையசைக்க நான் ஒருத்திதான் இருந்தேன். இருவரும் அதற்குள் மேல் பர்த்தில் ஏறிப் படுத்துவிட்டார்கள்.

அதன் பிறகு பகல் முழுவதும் மகனில் நான் பார்த்தது ஒரு கையை மட்டும்தான். மேலிருந்து மணிக்கட்டு வரை இறங்கி வரும். கோவில்பட்டியில் வாங்கிய கடலைமிட்டாயை வைத்தேன், மூடிக்கொண்டு போனது. மதுரை தாண்டியதும் புளியோதரைப் பொட்டலத்தை வைத்தேன். கை ஒரு கணம் எடை பார்த்தது. திருப்திதான் போலும், மெல்ல மேலேறியது. அரை மணி நேரத்தில் காலி வாழையிலையோடு திரும்பி வந்தது.

மகள் அவ்வளவு மௌனம் இல்லை. "அம்மா, அண்ணன் சார்ஜரைத் தர மாட்டேன் என்கிறான்" என்று பத்து நிமிடத்துக்கு ஒரு முறை முறையீடு வந்தது. சார்ஜ் போடும் இடம் என் தலைமாட்டில் இருந்ததால், இரண்டு போன்களும் முறை வைத்து என்னிடம் இறங்கி வந்தன.

மாலையில் எதிர் இருக்கைப் பெரியவர் தம் பையைத் தூக்கி மேல் பர்த்தில் வைக்கப் போனார். "ஐயா, அங்கே ஆள் இருக்கிறது" என்றேன். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையிலிருந்து அது காலி பர்த்து என்றே நினைத்திருந்தாராம். "என்ன வயது?" என்றார். பதினைந்து என்றேன். "ஓ, சரி சரி" என்று பையை மடியிலேயே வைத்துக்கொண்டார். வீட்டில் ஒரு பேரன் இருக்கிறானாம். அதற்கு மேல் அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

மகன் இப்போதெல்லாம் ஒற்றை எழுத்தில்தான் பேசுகிறான். சாப்பிட்டாயா, ம். இன்னும் வேண்டுமா, ம். அப்பா போனில் இருக்கிறார், பேசுகிறாயா, ம். கேட்பவர்களுக்கு எல்லாம் ஒன்றாகத் தெரியலாம். பெற்றவளுக்குத் தெரியும். குட்டையாக வெட்டிய ம் என்றால், காதில் விழுந்தது, செய்ய மாட்டேன். இழுத்துச் சொல்லும் ம் என்றால், காதிலேயே விழவில்லை. ஏறி இறங்கும் ம் ஒன்றுதான் சம்மதம். அது பெரும்பாலும் சாப்பாட்டு நேரத்தில் வரும்.

இரவு பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணிக்குள் மூன்று முறை சொன்னேன்: "போனை வைத்துவிட்டுத் தூங்கு." மூன்று முறையும் இழுத்த ம்.

இரண்டாம் நாள், தாதர்

புனே தாண்டியதும் மேல் பர்த்திலிருந்து ஒரு கால் இறங்கியது. பிறகு இன்னொரு கால். முழுப் பையனும் இறங்கி என் பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்து, "லோனாவாலா வரப்போகிறது" என்றான். முழு வாக்கியம். நான் அசையாமல் இருந்தேன். அசைந்தால் நின்றுவிடுமோ என்று பயம்.

நிற்கவில்லை. போர் காட் மலைப்பாதை 1863இல் திறந்தது, 37 அடி ஓடினால் ஓர் அடி இறங்கும் சரிவு, எதிர்த்திசையில் ஏறி வரும் வண்டிகளுக்குக் கர்ஜத்தில் பின்னாலும் எஞ்சின் மாட்டி மலை மேல் தள்ளுவார்கள், இப்படிக் கொட்டிக்கொண்டே வந்தான். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே எல்லாம் படித்து வைத்திருக்கிறான். அந்தப் போனில் என்னதான் பார்க்கிறானோ என்று நான் புலம்பிய இரவுகளில் பார்த்தது இதைத்தான் போலிருக்கிறது.

மே மாத மலை காய்ந்து பழுப்பேறிக் கிடந்தது. குகைப்பாதை வரும்போதெல்லாம் மகள் வாயில் விரலை வைத்து விசில் அடித்தாள். அண்ணனும் தங்கையும் குகைகளை எண்ணிக்கொண்டே வந்து, கடைசியில் கணக்கு ஒத்துப்போகாமல் கல்யாண் வரை சண்டை. நடுவே கர்ஜத்தில் வண்டி நின்றது. "பசிக்கவில்லை" என்று சொல்லி வாய் மூடாத மகன், வடாபாவ் வாசனை வந்ததும் எழுந்தான். மூன்று சாப்பிட்டான்.

தாதரில் அத்தான் காத்திருந்தார். பெட்டியைக் கீழே வைப்பதற்குள் மகனின் தோளில் கைபோட்டு, "சரி, எந்த குரூப் எடுக்கப் போகிறாய்?" என்றார்.

"ம்." வெட்டிய ம்.

மூன்றாம் நாள், மாட்டுங்கா

அக்கா வீடு கிங்ஸ் சர்க்கிளுக்குப் பக்கத்தில். எங்கள் ஐந்து பேருக்கும் ஒரே குளியலறை. குழாயில் தண்ணீர் விடியற்காலையில் வந்து போய்விடும். டிரம்மில் பிடித்து வைத்துத்தான் புழங்க வேண்டும். ஆறே முக்காலுக்கு உள்ளே போன மகன் ஏழரை ஆகியும் வெளியே வரவில்லை. அத்தான் அலுவலகத்துக்குக் கிளம்ப வேண்டும். தோளில் துண்டோடு நடந்தார், நின்றார், மறுபடி நடந்தார்.

"தம்பி, உள்ளே எல்லாம் சரிதானே?"

"வருகிறேன் பெரியப்பா."

கதவு திறந்தது. மேலுதட்டில் நாளிதழ்த் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. அதன் நடுவில் மிளகளவு சிவப்பு. தாடையில் இன்னொரு துணுக்கு. தை மாதத்திலிருந்து அரும்பிக்கொண்டிருந்த மீசை போயிருந்தது. நாங்கள் நால்வரும் பார்த்தோம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மகள் சொல்ல வாயைத் திறந்தாள். அக்கா அந்த வாயில் ஹாபூஸ் மாம்பழத் துண்டு ஒன்றை வைத்தாள். இங்கே அல்போன்சாவுக்கு ஹாபூஸ் என்றுதான் பெயர். வைக்கோல் பரப்பிய பெட்டி நிறைய வாங்கி வைத்திருந்தாள். பிறகு அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னாலிருந்து படிகாரத்தை எடுத்து, தண்ணீரில் நனைத்து, அவன் கையில் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

மாலையில் அத்தான் ஒரு காகிதப் பையோடு வந்தார். புது ரேசர், பிரஷ், சோப்பு. மகனைக் கண்ணாடி முன் நிறுத்தினார். "முதலில் நன்றாக நுரைக்க வேண்டும். முடி சாய்ந்திருக்கும் பக்கமாகவே இழு. எதிர்த்து இழுக்காதே. மூக்குக்குக் கீழே உதட்டை உள்ளே மடித்துக்கொள்." பாடம் அவ்வளவுதான். மகன் உதட்டை மடித்துப் பார்த்தான். கண்ணாடியில் இரண்டு மடித்த உதடுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன.

இரவு போனில் அவன் அப்பாவிடம் சொன்னேன். சிறிது நேரம் பேச்சில்லை. "நான் சொல்லிக் கொடுக்கலாம் என்று இருந்தேன்" என்றார். பிறகு, "பிளேடு புதியதுதானே? கேட்டாயா?" என்றார்.

மதியம் மாட்டுங்கா ஸ்டேஷனை ஒட்டி, மாடியில் இருக்கும் ராமா நாயக் உடுப்பி உணவகத்தில் சாப்பிட்டோம். 1942இல் தொடங்கியது. வாழையிலைச் சாப்பாடு. வளரும் பையனை வைத்திருப்பவர்கள் இந்த ஊருக்கு வந்தால் தவறவிடக் கூடாத இடம் இது. பரிமாறுகிறவர் பூரித் தட்டோடு வந்தபோதெல்லாம் ஏறி இறங்கும் ம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் போதும் என்று கண்ணைக் காட்டினேன். பரிமாறுகிறவரோ, "வளருகிற பிள்ளை அம்மா, விடுங்கள்" என்று அழகான தமிழில் சொல்லி இன்னும் இரண்டு வைத்தார். மும்பையில் எனக்கு மிகவும் பிடித்துப்போன மனிதர் அவர்.

பிறகு கடைவீதி. வாழையிலைக் கட்டு, மல்லிகைச் சரம், முருங்கைக்காய், கேட்ட இடமெல்லாம் தமிழ். மகன் பத்தடி முன்னால் நடந்தான். ஊரில் நெல்லையப்பர் கோவில் ரதவீதியிலும் இப்படித்தான். நான் வேகமாக நடந்தால் அவனும் வேகமாக நடப்பான்; நடுவே இருக்கும் பத்தடி குறையாது. நாங்கள் பூ வாங்க நின்றபோது, முன்னால் குனிந்து செருப்பைச் சரிசெய்துகொண்டிருந்தான். இஞ்சி வாங்க நின்றபோது மறுபடி செருப்பு. வளையல் கடையில் மகள் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டாள். அப்போதும் அவனுக்குச் செருப்பில் ஏதோ வேலை.

மகள்தான் என் காதில் சொன்னாள். "அம்மா, அண்ணன் போட்டிருப்பது ரப்பர் செருப்பு. அதில் கட்ட என்ன இருக்கிறது?"

உண்மைதான். அதில் கொக்கியும் இல்லை, கயிறும் இல்லை. இரண்டு வருடமாக அந்தப் பத்தடியை நினைத்து நான் வருந்தியிருக்கிறேன். இனி வருந்தப் போவதில்லை. கூட வருகிறாளா என்று பார்த்துக்கொண்டே முன்னால் நடக்கிற பிள்ளையிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. மகளிடம், "அவனிடம் சொல்லிவிடாதே" என்றேன். சொல்லாமலிருக்க அவள் கேட்ட கூலி, ஒரு ஜோடி வளையல்.

நான்காம் நாள், லோக்கல் ரயில்

மாட்டுங்கா ஸ்டேஷன் முழுவதையும் பெண்களே நடத்துகிறார்கள். 2017இலிருந்து டிக்கெட் கவுண்டர், அறிவிப்பு, பாதுகாப்பு எல்லாம் பெண்கள். இந்தியாவில் இப்படி அமைந்த முதல் ஸ்டேஷன். மகளுக்குப் பெருமையாக எடுத்துச் சொன்னேன். சுற்றிப் பார்த்தாள். "ஆண்கள் மட்டும் வேலை செய்த ஸ்டேஷனைப் பற்றி யாராவது இப்படிச் சொன்னார்களா?" என்று கேட்டுவிட்டு வளையலைப் பார்க்கத் தொடங்கினாள். பதில் யோசிப்பதற்குள் வண்டி அறிவித்துவிட்டார்கள்.

அப்போதுதான் சிக்கல் புரிந்தது. 12 வயதைத் தாண்டிய ஆண் பிள்ளை பெண்கள் பெட்டியில் ஏறக் கூடாது. பொதுப் பெட்டியிலோ வாசல் வரை ஆட்கள் தொங்கினார்கள். "நீங்கள் இரண்டு பேரும் அதில் ஏறுங்கள், நான் இதில் வருகிறேன். கடைசி ஸ்டேஷன்தானே" என்றான் மகன். நெல்லையில் டவுனிலிருந்து ஜங்ஷனுக்குத் தனியாகப் பஸ்ஸில் போகும்போதே நூறு முறை சொல்லி அனுப்பும் பிள்ளை. சொல்வதற்கு இங்கே நேரமில்லை. வண்டி நிற்பதே சில விநாடிகள். ஏறினோம். அவன் சட்டை கூட்டத்துக்குள் போய் மறைந்தது.

உள்ளே பெண்கள் நெருக்கியடித்து நின்றார்கள். ஓரத்தில் ஒருத்தி மடியில் பையை விரித்துப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு எதுவும் மனதில் ஏறவில்லை. போனைக் கையில் பிடித்தபடி நின்றேன். அது அதிர்ந்தது.

"தாதர்."

மகன் அனுப்பியது. அவ்வளவுதான் செய்தி. வண்டி கிளம்பியது. அடுத்த ஸ்டேஷனில் மறுபடி அதிர்ந்தது.

"பரேல்."

பிறகு "கரி ரோடு." பிறகு "சிஞ்ச்போக்லி." அதை எழுதும்போது கூட்டத்தில் இடி வாங்கியிருப்பான், எழுத்துகள் இடம் மாறியிருந்தன. ஒரு நிமிடம் கழித்துத் திருத்தி மறுபடி அனுப்பியிருந்தான். "பைகுலா." "சாண்டர்ஸ்ட் ரோடு." "மஸ்ஜித்." நான் கேட்கவில்லை. அனுப்பு என்று சொல்லவும் இல்லை. ஒரு நாளில் என்னிடம் பேசுவதைவிட அதிகமான சொற்களை இருபது நிமிடத்தில் அனுப்பிவிட்டான்.

"அம்மா, அழாதே. எல்லோரும் பார்க்கிறார்கள்" என்றாள் மகள். பட்டாணி உரித்தவள் மட்டும்தான் பார்த்தாள். உரித்ததில் ஒரு பிடி எடுத்து மகள் கையில் வைத்தாள்.

சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸில் இறங்கியபோது பிளாட்பாரத்தின் முனையில் நின்றிருந்தான். சட்டையின் மேல் பொத்தான் அறுந்திருந்தது. முகத்தில் அப்படி ஒரு பெருமிதம். நான் ஒன்றும் சொல்லாமல் பொத்தானைத் தொட்டேன். "விழுந்துவிட்டது" என்று என் கையை விலக்கினான்.

வெளியே வந்து எதிர்ப்புறம் நின்று அந்தக் கட்டடத்தைப் பார்த்தோம். கட்ட ஆரம்பித்தது 1878இல், முடிந்தது 1888இல். பத்து வருட வேலை. வடிவமைத்தவர் எஃப். டபிள்யூ. ஸ்டீவன்ஸ். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது 2004இல். கல்லில் செதுக்கிய மிருகங்கள் மேலிருந்து எட்டிப் பார்க்கின்றன. மகள் பத்து நிமிடத்தில் ஜூஸ் கேட்டாள். மகன் நகரவில்லை. 1853 ஏப்ரல் 16 அன்று இங்கே போரி பந்தரிலிருந்து தாணேக்கு 34 கிலோமீட்டர் ஓடியதுதான் நாட்டின் முதல் பயணிகள் ரயில் என்றான். அதை இழுத்த மூன்று எஞ்சின்களுக்கும் பெயர் இருந்தது என்றான். சாஹிப், சிந்த், சுல்தான். தங்கையிடம் அந்தப் பெயர்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னான். ஜூஸ் வாங்கித் தருவதாக இருந்தால் சொல்வதாக அவள் சொன்னாள். வாங்கித் தந்தான், தன் காசில்.

இரவு சாப்பாட்டில் அத்தான் வழக்கம்போல் ஆரம்பிக்கும் முன்பே மகன் கேட்டான்: "பெரியப்பா, ரயில்வேயில் எஞ்சினியராக வேண்டும் என்றால் எந்த குரூப் எடுக்க வேண்டும்?" மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி தம் பக்கமே திரும்பி வந்ததில் அத்தானுக்குப் புரையேறிவிட்டது. அக்கா தலையில் தட்டினாள்.

ஐந்தாம் நாள், எலிஃபண்டா

கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து படகு. தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். இறங்குதுறையிலிருந்து பொம்மை ரயில், பிறகு 120 படிகள். படிகளின் இருபுறமும் கடைகள், கடைகளுக்கு மேல் குரங்குகள். பத்தடி முன்னால் மகன். கையில் சிப்ஸ் பொட்டலம்.

இந்த ஆறு மாதத்தில் அவனுக்குக் குரல் உடைந்திருக்கிறது. இப்போது அடித்தொண்டையிலிருந்து பேசுகிறான், பெரிய மனிதரைப் போல. வீட்டுக்குப் போன் செய்கிறவர்கள் அவன் அப்பா என்று நினைத்துப் பேசுகிறார்கள். அந்தக் குரலை அவன் கவனமாகக் காப்பாற்றி வந்தான். எழுபதாவது படி வாக்கில் குரங்கு ஒன்று தோளில் குதித்துப் பொட்டலத்தைப் பிடுங்கியது.

"அம்மா!"

மூன்றாம் வகுப்புக் குரல். நாய்க்குட்டி துரத்தினால் ஓடி வந்து முந்தானைக்குள் ஒளிந்துகொண்ட பிள்ளையின் குரல், அப்படியே, ஒரு மாற்றமும் இல்லாமல். பத்தடி ஒரே தாவலில் காணாமல் போய் என் தோளுக்குப் பின்னால் நின்றான். என்னைவிட நாலு அங்குலம் உயரம். மகள் படியிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பு பாதி தடித்த குரலில், பாதி மெல்லிய குரலில் வந்தது.

குகைக்குள் குளிர்ச்சி. மூன்று முகச் சிவன் மூன்று ஆள் உயரத்தில் கண் மூடி இருக்கிறார். அதன் முன் எங்கள் மூவருக்கும் பேச்சு வரவில்லை. நடு முகத்தின் கீழுதட்டைப் பார்த்தபடியே நின்றேன். கல் அவ்வளவு மென்மையாக இருக்கும் என்று நேரில் பார்க்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. பல சிற்பங்கள் சிதைந்திருப்பது மனதை அறுத்தது.

கைலாய மலையை இராவணன் பெயர்க்கும் சிற்பத்தின் முன் கதை சொன்னேன். அவன் அடியிலிருந்து முழு பலத்தையும் கூட்டி அசைக்கிறான், மேலே பார்வதி பயப்படுகிறாள், சிவன் பதறாமல் கால் விரலால் ஓர் அழுத்து அழுத்துகிறார். மகள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"அம்மா, பள்ளி நாளில் நீ அண்ணனை எழுப்புவது இப்படித்தான்."

அண்ணன்காரன் பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டான். தான் சிவன் என்பதில் அவனுக்கு மிகுந்த திருப்தி.

ஆறாம் நாள்

இன்று மகளின் முறை. மெரின் டிரைவ் போக நீலச் சட்டைதான் வேண்டும். அது நேற்றுப் படகில் நனைந்து, துவைத்துக் காய்ந்துகொண்டிருக்கிறது. "வேறு எதுவும் எனக்கு இல்லை" என்று சொல்லி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வேறு ஏழு உடைகள் இருப்பதை நான் சொல்லியிருக்கக் கூடாது. ஒரு மணி நேரம் சத்தமில்லை. அக்கா மாம்பழத்தை நறுக்கித் தட்டில் வைத்துக் கதவைத் தட்டினாள். கதவு ஒரு தட்டு அகலத்துக்குத் திறந்தது. தட்டு உள்ளே போனது. கதவு சாத்திக்கொண்டது.

அண்ணன் மொட்டை மாடிக்குப் போய் நீலச் சட்டையை எடுத்து வந்து, மின்விசிறிக்கு நேராக இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்தபடி நின்றான். இருபது நிமிடம். கேட்டதற்கு, "மாலை அங்கே போக வேண்டுமே, நேரமாகிறது" என்றான். மாலை போனோம். கடல் காற்று, விளக்குகள், சுண்டல். மகள் நாற்பது புகைப்படம் எடுத்து ஒன்றைக்கூட ஏற்கவில்லை.

ஏழாம் நாள், இரவு, ரயிலில்

அக்கா கட்டிக் கொடுத்த சப்பாத்திப் பொட்டலங்களோடு ஏறினோம். அத்தான் மகனிடம் ரேசர் பெட்டியைக் கொடுத்தார். மாலையே நெல்லையிலிருந்து அவன் அப்பா போன் செய்து, "வந்ததும் நானும் ஒரு முறை பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லியிருந்தார். வண்டி நகர்ந்தது. இந்த முறை அக்காவுக்குக் கையசைத்தவர்கள் மூன்று பேர். அசைத்து முடித்ததும் இருவரும் மேல் பர்த்துக்கு ஏறிவிட்டார்கள். கை இறங்கி வந்தது. சப்பாத்தியை வைத்தேன்.

விளக்கெல்லாம் அணைந்துவிட்டது. போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். அது அதிர்கிறது.

"தாணே."

நாலடிக்கு மேலே படுத்திருக்கிறான். சிறிது நேரம் கழித்து, "கல்யாண்." இதோ இப்போது, "கர்ஜத். பின்னால் எஞ்சின் மாட்டுகிறார்கள். சத்தம் கேட்கிறதா?"

"ம்" என்று அனுப்பினேன்.

"எந்த ம்?"

யோசித்துக்கொண்டிருக்கும்போதே வண்டி மலையேறத் தொடங்கிவிட்டது. பின்னாலிருந்து தள்ளுவது இருக்கையில் தெரிகிறது. குகைகள் ஒவ்வொன்றாக வருகின்றன. மகள் தூக்கத்தில் புரண்டு படுக்கிறாள், வளையல் சத்தம். போன் மறுபடி அதிர்கிறது.

"லோனாவாலா. போனை வைத்துவிட்டுத் தூங்கு அம்மா."